அடுத்து எந்த ஆர்பிஜி பரவும்? கணிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு புது டேபிள்டாப் ஆர்பிஜிக்கு (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிச் சேர்ந்து கதை ஆடும் ஆட்டம்) கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பணம் திரட்டத் தொடங்கிய முதல் நாளே "இதுதான் அடுத்த பெரிய ஆட்டம்" என்ற பேச்சு கிளம்பிவிடும். புத்தகம் கைக்கு வந்து ஆறு மாதம் ஆன பிறகு ஆன்லைனில் தேடினால், அதை நடத்தும் மேசை, அதாவது ஆடும் குழு, ஒன்றிரண்டு கிடைப்பதே கஷ்டமாக இருக்கும். இன்னொரு பக்கம், மதர்ஷிப் என்ற விண்வெளித் திகில் ஆட்டம் 2018-ல் ஒரு சின்ன கையேடாக வந்தது. 2021-ல் அதன் முதல் முழுப் பதிப்புக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் அதை வளர்த்தவர்கள் வாரம்தோறும் நடத்திக்கொண்டிருந்தவர்கள்தான்.

கணிப்பு தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. வாங்குபவரைப் பார்க்கிறோம், நடத்துபவரைப் பார்ப்பதில்லை. ஒரு மேசையில் நான்கைந்து பேர் உட்கார்ந்தாலும், என்ன ஆடலாம் என்று முடிவு செய்பவர், விதிகளைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர், ஆன்லைன் மேசையைத் தயார் செய்பவர் எல்லாமே ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒருவர்தான். அவருக்கு ஒத்துவராத ஆட்டம் எவ்வளவு விற்றாலும் அலமாரியில்தான் இருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

எது "பிரபலம்" என்று சொல்லாமலே கணிப்பது

விற்பது, பார்க்கப்படுவது, பேசப்படுவது, ஆடப்படுவது ஆகிய நான்கும் வேறு வேறு. விற்பனையைக் காட்டி "ஆடப்படும்" என்று சொன்னால் கணிப்பு தொடங்கும்போதே கோணிவிடும். 2020 ஜூனில் இட்ச் என்ற ஆட்ட விற்பனைத் தளம் இன நீதிக்காக வெளியிட்ட தொகுப்பை எட்டு லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். அதில் ஏகப்பட்ட ஆர்பிஜிகள் இருந்தன. அத்தனை பேருக்கும் அவை கிடைத்தன என்பதற்காக அத்தனை பேரும் ஆடினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற ஆர்பிஜி விற்பனைத் தளம் விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்பத் தரும் பதக்கங்களும் இதே மாதிரிதான். பிளாட்டினம் என்றால் ஆயிரம் பிரதிக்கு மேல், அடமன்டைன் என்றால் ஐயாயிரத்துக்கு மேல். ஆனால் அது வெளியான நாளிலிருந்து சேர்ந்த மொத்தக் கணக்கு. இந்த மாதம் எத்தனை விற்றது என்பதை அது காட்டாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆர்பிஜியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸையும் தனியாக ஒதுக்கிவையுங்கள். 2021-ல் ரோல்20 என்ற ஆன்லைன் மேசைத் தளம் வெளியிட்ட அறிக்கைகளில் அந்தத் தளத்து ஆட்டங்களில் பாதிக்கு மேல் அதன் ஐந்தாம் பதிப்புதான். அதை இது வீழ்த்துமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் பதில் "வீழ்த்தாது" என்பதுதான், அதனால் அந்தக் கேள்வியில் பயன் இல்லை. மீதி இடத்துக்குப் போட்டியிடும் ஆட்டங்களுக்குள் எது முன்னே வரும் என்று கேட்பதே சரி.

திரண்ட பணத்தை அப்படியே எண்ணுவது

தொகையைப் பணம் கொடுத்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் அவதார் லெஜண்ட்ஸ் 81,567 பேரிடமிருந்து சுமார் 95 லட்சம் டாலர் திரட்டியது. ஆளுக்கு ஏறக்குறைய 117 டாலர். 2024-ல் காஸ்மியர் ஆர்பிஜி 1.5 கோடி டாலரைத் தாண்டியது. கொடுத்தவர்கள் சுமார் 55,000 பேர், ஆளுக்கு 275 டாலர் அளவில். மொத்தத்தில் பின்னது பெரியது, ஆட்களின் எண்ணிக்கையில் முன்னது பெரியது. ஆளுக்கு 200 டாலருக்கு மேல் போனால் அதில் பெரும்பங்கு சிறப்புப் பதிப்பு, சிறுபொம்மைகள், பகடை செட் போன்றவற்றுக்குப் போயிருக்கும். அந்தப் பணம் ரசிகர்களின் ஆசையைச் சொல்கிறது. எத்தனை மேசை திறக்கும் என்பதை அறிய ஆள் எண்ணிக்கைதான் உதவும். அதையும் அப்படியே எடுக்க வேண்டாம். ஏற்கெனவே புகழ்பெற்ற கதையுலகத்தை வைத்து வந்த ஆட்டம் என்றால், கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தக் கதைக்காக மட்டும் புத்தகத்தை அடுக்கிவைப்பவர்கள்.

இன்னொன்று, கால இடைவெளி. பேச்சு உச்சத்தில் இருப்பது பணம் திரட்டும் மாதத்தில். ஆட்டம் கைக்கு வருவது ஓர் ஆண்டோ அதற்கு மேலோ கழித்து. டிரா ஸ்டீல் என்ற ஆட்டத்துக்குப் பணம் திரட்டியது 2023 டிசம்பரில், முடிந்த விதிநூல் பிடிஎஃப்பாக வந்தது 2025 நடுவில். முதல் 48 மணி நேர வரைபடம் எவ்வளவு செங்குத்தாக ஏறினாலும் அது பழைய ரசிகர் பட்டியலின் பலத்தைத்தான் காட்டும். எந்தத் திரட்டலிலும் முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் உயரும், நடுவில் தட்டையாக இருக்கும். அந்த நடுப்பகுதியைப் பாருங்கள். தினமும் சீராகப் புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தால் ரசிகர் வட்டத்துக்கு வெளியேயும் செய்தி போகிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ரீமைப் பார்த்தவர்கள் ஆடுவார்கள் என்று நம்புவது

தாங்கள் ஆடுவதை ஆன்லைனில் ஸ்ட்ரீமாக ஒளிபரப்பும் கிரிட்டிகல் ரோல் குழு ஆடினால் போதும், ஆட்டம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது பலரின் கணக்கு. அதே குழுவின் பதிப்பகமான டாரிங்டன் பிரஸ் 2023-ல் கேண்டலா அப்ஸ்கியூராவையும், 2025 மே மாதம் டேகர்ஹார்ட்டையும் வெளியிட்டது. முன்னதற்கும் தனி ஸ்ட்ரீம் தொடர் இருந்தது. ஆனாலும் டேகர்ஹார்ட் போல அது மேசைகளில் பரவவில்லை. வேறுபாடு எங்கே? டேகர்ஹார்ட்டின் சோதனை விதிகள் 2024 மார்ச்சிலேயே பொதுவெளியில் வந்துவிட்டன. புத்தகம் கடைக்கு வருவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் அதை நடத்திப் பழகிய கேம் மாஸ்டர்கள் இருந்தார்கள். பார்வையாளருக்குப் புரியும்படி விதி கண்முன் நடப்பதும் முக்கியம். டேகர்ஹார்ட்டில் இரண்டு பன்னிரண்டு முகப் பகடைகளை ஒன்றாக உருட்ட வேண்டும். ஒன்று நம்பிக்கைக்கு, ஒன்று அச்சத்துக்கு. கூட்டுத்தொகை வெற்றியா தோல்வியா என்று சொல்லும், எந்தப் பகடை பெரியது என்பது கதை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லும். கேமராவில் இரண்டு நிறப் பகடைகள் உருளும்போது விதி தெரியாதவருக்கும் பதைபதைப்பு வரும்.

ஸ்ட்ரீமில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, விதி எத்தனை முறை கண்ணில் பட்டது என்று எண்ணிப் பாருங்கள். நடிப்பு மட்டுமே தெரிந்தால் பார்வையாளர் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருப்பார், ஆட்டத்தை வாங்கமாட்டார்.

கேம் மாஸ்டரின் சுமையை அளக்காமல் விடுவது

வரப்போகும் ஆட்டத்துக்கு இலவச குவிக்ஸ்டார்ட் (சுருக்க விதிகளும் ஒரு சாகசமும் அடங்கிய முன்னோட்டக் கையேடு) வந்ததா என்று பார்ப்பது முதல் வேலை. வராவிட்டால் நம் கணிப்பிலிருந்து பெரிய தள்ளுபடி போட வேண்டும். வந்திருந்தால் இறக்கி, கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள்.

முதலில், விதி தெரியாத ஒருவரிடம் பாத்திர விவரத்தை எழுதும் தாளான கேரக்டர் ஷீட்டைக் கொடுத்து ஒரு பாத்திரம் உருவாக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது. ஒரு மணி நேரம் தாண்டினால் ஒரே நாள் மட்டும் ஆடிப் பார்க்கும் மேசைகளில் இது வராது, ஏனென்றால் மூன்று மணி நேர அமர்வில் மூன்றில் ஒரு பங்கு தயாரிப்பிலேயே போய்விடும். மதர்ஷிப்பின் ஷீட்டைப் பாருங்கள். எதை உருட்ட வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே வரிசையாக இருக்கிறது. குணங்களுக்கு இரண்டு பத்துமுகப் பகடை உருட்டி 25 கூட்ட வேண்டும். திறன்கள் கோடு போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கிளை பிரிந்து போகின்றன. விதிநூலைத் திறக்காமலே ஆள் தயாராகிவிடுவார். பீதி வரும்போது இருபது முகப் பகடையை உருட்டி, அதே தாளில் உள்ள மன அழுத்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். கேம் மாஸ்டரிடம் யாரும் "இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்க வேண்டியதில்லை. ஆட்டத்தை வளர்த்தது இந்தத் தாள் என்றே சொல்லலாம்.

அடுத்து, குவிக்ஸ்டார்ட்டில் உள்ள சாகசத்தைப் பிரியுங்கள். கேம் மாஸ்டர் ஒரு அறையை நடத்த எத்தனை பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது? விரித்த இரண்டு பக்கங்களுக்குள் எல்லாம் இருந்தால் சிறப்பு. எதிரியின் எண்கள் பின்னிணைப்பில், பொறியின் விவரம் மூன்றாம் அத்தியாயத்தில் என்று சிதறினால் நடத்துபவர் இரண்டாம் அமர்வுக்கு வரமாட்டார். கடைசியாக, நினைவில் வைக்க வேண்டிய தனி விதிகளை எண்ணுங்கள். ஷேடோடார்க் என்ற ஆட்டத்தில் ஒரு தீப்பந்தம் நிஜ நேரத்தில் ஒரு மணி நேரம் எரியும். அவ்வளவுதான், போனில் டைமர் வைத்தால் போதும். அந்த ஒரே விதி இருட்டையும் அவசரத்தையும் தானாகக் கொண்டுவருகிறது, நடத்துபவர் எதையும் கணக்கு வைக்க வேண்டியதில்லை.

ஆன்லைன் மேசை தயாரா என்று பார்க்காதது

ஆன்லைனில் பரவ வேண்டும் என்றால் ரோல்20-லோ ஃபவுண்ட்ரி என்ற ஆன்லைன் மேசை மென்பொருளிலோ அதற்கான ஷீட் வேண்டும். ஃபவுண்ட்ரியை ஒருமுறை விலைக்கு வாங்குபவர் கேம் மாஸ்டர் மட்டும்தான், ஆடுபவர்கள் பணம் கொடுக்க வேண்டாம். அதாவது இங்கேயும் முடிவு அவர் கையில். வெளியீட்டு நாளுக்கு முன்பே அதிகாரபூர்வ மாட்யூல் (ஆட்டத்தை அந்த மென்பொருளில் ஓடவைக்கும் இணைப்பு) அறிவிக்கப்பட்டிருக்கிறதா, இல்லாவிட்டால் தன்னார்வலர் யாராவது குவிக்ஸ்டார்ட்டை வைத்தே ஒன்றை எழுதத் தொடங்கிவிட்டாரா என்று பாருங்கள். இரண்டாவது இன்னும் வலுவான அறிகுறி, ஏனென்றால் ஆடும் ஆசை இல்லாமல் யாரும் மாதக்கணக்கில் இலவசமாக நிரல் எழுதமாட்டார்கள்.

விதிகள் கனமாக இருந்தால் பரவாது என்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் வேண்டாம். லான்சர் எளிய ஆட்டம் அல்ல. மெக் எந்திரங்களின் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பூட்ட வேண்டும். ஆனால் ஆடுபவர்களுக்கான விதிகள் இலவசம், காம்ப்/கான் என்ற இலவசக் கருவி அந்தக் கணக்கையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. சுமையைக் கருவி தூக்கினால் மனிதர் தூக்க வேண்டியதில்லை.

உரிமத்தைப் படிக்காதது

பிறர் இந்த விதிகளை வைத்துச் சாகசங்களும் துணைநூல்களும் விற்கலாமா? பிளேட்ஸ் இன் த டார்க், மோர்க் போர்க் ஆகிய ஆட்டங்கள் இரண்டும் அதற்கு அனுமதி கொடுத்தன. முன்னதன் விதிகளில் பிறந்த ஆட்டங்கள் இன்று ஒரு தனிக் குடும்பமே. உரிமத்தில் மூன்றைத் தேடுங்கள்: முன் அனுமதி கேட்க வேண்டுமா, வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டுமா, பின்னால் திரும்பப் பெற முடியுமா. மூன்றுக்கும் "இல்லை" என்றால் ஆட்டத்துக்குத் தானாக ஆட்கள் வேலை செய்வார்கள்.

மூன்றாவது கேள்வியின் கனம் 2023 ஜனவரியில் எல்லோருக்கும் தெரிந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் பழைய திறந்த உரிமத்தை மாற்றப்போகும் வரைவு கசிந்து, பெரும் எதிர்ப்பு எழுந்து, அந்த மாதக் கடைசியில் அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுப் பின்வாங்கினார்கள். எட்டு மாதத்துக்கு என்று வைத்திருந்த, போட்டி ஆட்டமான பாத்ஃபைண்டரின் விதிநூல்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்ததாக அதன் பதிப்பகமான பைசோ அறிவித்தது. மார்ச்சில் பணம் திரட்ட வந்த ஷேடோடார்க்குக்கு 13,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள். இதிலிருந்து "அடுத்த சர்ச்சையிலும் இப்படித்தான் ஆகும்" என்று பாடம் எடுப்பது தவறு. அதிர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வந்த வாரத்தில் ஐந்தாம் பதிப்பு ஆடியவர் ஒரே இரவில் படித்து நடத்தக்கூடியதாக எது தயாராக இருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

ஆங்கிலத்தில் இருப்பதே உலகம் என்று எடுப்பது

ஜப்பானில் முன்னணி ஆட்டம் கால் ஆஃப் துலு. நிக்கோநிக்கோ என்ற வீடியோ தளத்தின் ரீப்ளே வீடியோக்கள் (ஆடிய அமர்வைக் கதையாகக் காட்டுபவை) வழியே அது ஒரு தலைமுறையையே சேர்த்தது. ஜெர்மனியில் தாஸ் ஷ்வார்ட்சே ஆகே என்ற ஆட்டம் 1984-லிருந்து நிலைத்திருக்கிறது. ஆங்கில உரையாடல்களை மட்டும் அளந்தால் கணிப்பிலும் "ஆங்கிலம் பேசும் ஆன்லைனில்" என்று எழுதிவிடுங்கள்.

கணிப்பை எழுதிவைக்காதது

"நல்லா வரும்" என்பதைச் சரிபார்க்க வழியில்லை. ஆட்டத்தின் பெயர், அளவுகோல், தேதி, நிகழ்தகவு நான்கையும் எழுதுங்கள். உதாரணமாக: "பிடிஎஃப் வெளியாகி 90-ஆவது நாளில் ரோல்20-ல் ஆள் தேடும் மேசைகளில் இது முதல் பத்து இடத்துக்குள் வரும், 70%." நடந்தால் பிழை (1 − 0.7)² = 0.09, நடக்காவிட்டால் 0.7² = 0.49. எல்லாவற்றுக்கும் 50% என்று சொல்பவருக்கு எப்போதும் 0.25. பத்துப் பதினைந்து கணிப்புகளின் சராசரி 0.25-க்குக் கீழே வராவிட்டால் அளவுகோல்களை மாற்ற வேண்டும்.

எண்ணும்போது இரண்டு வகை அறிவிப்புகளைக் கலக்காதீர்கள். "ஆட இடம் தேடுகிறேன்" என்று எழுதுபவர் ஆடுபவர். "இன்னும் இரண்டு பேர் தேவை" என்று எழுதுபவர் கேம் மாஸ்டர். முதல் வகை நூறு இருந்து இரண்டாவது ஐந்தே இருந்தால் ஆசை மட்டும் இருக்கிறது, மேசை இல்லை. ஒரே கேம் மாஸ்டர் வாராவாரம் திரும்பப் போடும் அறிவிப்பை ஒன்றாகவே எண்ணுங்கள். 30-ஆவது நாள், 60-ஆவது நாள், 90-ஆவது நாள் என மூன்று முறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் எண்ணுங்கள். வார இறுதிக்கு முன் வியாழக்கிழமை வசதி, சனி ஞாயிறு மேசைகளுக்கான அறிவிப்புகள் அதற்குள் பெரும்பாலும் வந்துவிட்டிருக்கும்.