பிள்ளைக்கு ஃப்ளை ஃபிஷிங் பழக்கும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

இமாச்சலின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகிற குடும்பங்களில் சிலருக்கு, ஆற்றில் ட்ரவுட் மீன் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைக்கு ஃப்ளை ஃபிஷிங், அதாவது 'ஃப்ளை' எனும் போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது, கற்றுத்தர ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் பிள்ளை செல்போனைக் கேட்டால், பெரும்பாலும் தவறு கூட்டிப்போனவர் மேல்தான்.

பாடத்தை ஆற்றங்கரையில் தொடங்காதீர்கள். புழு மாட்டும் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். இங்கே ஃப்ளைக்கு, அதாவது இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்கு, எடையே இல்லாத மாதிரிதான். லைன் எனும் கனமான நரம்புதான் அதைச் சுமந்து போக வேண்டும். அதனால் கம்பைப் பின்னால் கொண்டுபோனதும், லைன் முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை சற்றே நிறுத்த வேண்டும். பிள்ளைகள் பொறுப்பதில்லை. சாட்டைபோல் வீசுவார்கள், 'டப்' என்று சத்தம் வரும், நுனியில் கட்டிய ஃப்ளை காணாமல் போயிருக்கும். ஊரிலேயே புல்தரையில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பழக்குங்கள். தலையைத் திருப்பி, லைன் பின்னால் நீள்வதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம். பேசப் பேச பிள்ளையின் கை இறுகும்.

பெரியவர்களின் 9 அடிக் கம்பு சின்ன மணிக்கட்டுக்குச் சீக்கிரம் வலி தரும். ஏழரை அல்லது 8 அடியில், 4ஆம் எண் லைனுக்கான (எண் லைனின் எடையைக் குறிக்கும்) இலேசான கம்பு போதும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் மட்டும் வீச விடாதீர்கள். முள் நுனிக்கருகில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். காதில் ஏறினாலும் எளிதாக வெளியே வரும், மீனுக்கும் நல்லது.

சரி, ஆற்றுக்கு வந்தாயிற்று. பிள்ளையின் கண் எதிர்க்கரையில்தான் இருக்கும். நாமும் "இன்னும் தூரம், இன்னும் தூரம்" என்று ஏற்றிவிடுவோம். பிரிட்டிஷ் காலத்தில் வந்த ஐரோப்பிய மீனான பிரவுன் ட்ரவுட் பெரிய சந்தேகப் பேர்வழி. நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, பாறையின் மறைவில் நின்று, மேலிருந்து மிதந்துவரும் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல நேரம் அது நம் காலடிக் கரையோரத்திலேயே நிற்கும். மீனுக்குப் பின்னால், நீரோட்டத்தின் கீழ்ப்புறமிருந்து குனிந்து போங்கள், நிழல் நீரில் விழ வேண்டாம். 15, 20 அடி வீச்சு தாராளம். லைன் நீண்டால் நீரோட்டம் அதை இழுக்கும். ஃப்ளை நீரில் கோடு கிழித்து ஓடும். நிஜப் பூச்சி அப்படி ஓடாது என்பது மீனுக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நீங்களும் ஒரு கம்பை விரிப்பது. "இரு, இந்த ஒரு வீச்சு" என்று நீங்கள் சொல்லும் நேரத்தில் பிள்ளையின் நரம்பு மூன்று சிக்கலாகியிருக்கும். சிக்கெடுப்பதுதான் அன்றைக்கு உங்கள் வேலை. கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் தேடப் பிள்ளை போனால், தடுக்காதீர்கள். ட்ரவுட் தின்பது அதைத்தான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலம், அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை. மற்ற மாதங்களில் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும், போகாதீர்கள். எந்த மாதமானாலும் பிள்ளையைக் கணுக்காலுக்கு மேல் நீரில் இறக்க வேண்டாம். பனி உருகிய தண்ணீர், கல்லெல்லாம் பாசி.

மீன் மாட்டிவிட்டால் முதலில் கையை நனைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு போய்விடும். படம் வேண்டுமென்றால், செல்போன் தயாராகும்வரை மீன் வலையோடு தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.