வாசிக்கும் விளக்கைத் தாளுக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள்

எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்களுக்குப் பத்திரிகை எழுத்து மங்கலாகத் தெரிந்தால், கூடிய வோற்று மின்குமிழ் வாங்குவதற்கு முன், வீட்டிலுள்ள மேசை விளக்கை, அவர்களுக்கு நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கமாக, குமிழ் கண்ணில் படாதபடி மறைத்து, தாளிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள்.

வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், 60 சென்ரிமீற்றரில் இருந்த விளக்கை 30க்கு நகர்த்தினாலே தாளில் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். முதுமையில் கண்மணி சுருங்கி, கண்வில்லையும் மஞ்சளித்து, விழித்திரையை எட்டும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடுவதால், அவர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. சூடேறாத எல்ஈடி குமிழே இதற்கு ஏற்றது.

திருகோணமலையில் கடலைப் பார்த்த விறாந்தையில் இருந்து வாசிப்பவர்களுக்கோ வெளிச்சம் போதும், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் கூச்சமே இடைஞ்சல். கதிரையைக் கடலுக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போடுங்கள்.

வெண்புரை முற்றியவர்களுக்குக் கூடிய வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி எழுத்தை மேலும் மறைக்கலாம். நடுப்பார்வை கெட்டவர்களுக்கு விளக்கு மட்டும் போதாது, உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும். பார்வை திடீரென மங்கினால் விளக்கை நகர்த்திக்கொண்டிராமல் அன்றே கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.