டிஏவி, டிஏடி, எல்ஆர்வி: முரண்டு பிடிக்கும் வீடியோ ஃபைல்களைத் திறப்பது எப்படி?

கடை சிசிடிவியிலிருந்து பென் டிரைவில் எடுத்து வந்த ஃபைல் டிஏவி என்று முடிகிறது. பழைய கல்யாண விசிடியில் டிஏடி. கோப்ரோ கேமராவின் மெமரி கார்டில் எல்ஆர்வி. டபுள் கிளிக் செய்தால், எந்த ஆப்பில் திறக்கட்டும் என்று விண்டோஸ் நம்மையே திருப்பிக் கேட்கும். பெரும்பாலான நேரம் உள்ளே இருப்பது சாதாரண வீடியோதான், பெயர்தான் ஊரறியாதது.

ஒரு வீடியோ ஃபைலை ஒரு பார்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். படத்தைச் சுருக்கி மடித்த முறை கோடெக், ஹெச்.264, ஹெச்.265, எம்பெக்-2 எல்லாம் இந்த வகை. படத்தையும் ஒலியையும் சேர்த்துப் போட்ட பெட்டி கன்டெய்னர். எம்பி4, ஏவிஐ, எம்கேவி போன்றவை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுதான் எக்ஸ்டென்ஷன். அந்தச் சீட்டில் எதை எழுதவும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் கேமரா கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஒரு மூன்று எழுத்தை வைத்துவிடுகின்றன. ஒரே சீட்டு பல பொருளிலும் ஒட்டியிருக்கும்: ஜேவிசி கேம்கார்டரின் எம்ஓடி ஃபைல் வீடியோ, அமிகா கம்ப்யூட்டர் காலத்து எம்ஓடி ஃபைல் இசை. மெயிலில் வரும் வின்மெயில் டிஏடி வீடியோவே இல்லை, அவுட்லுக் கட்டி அனுப்பிய இணைப்பு.

படி 1: முழுப் பெயரையும் பாருங்கள்

விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்தே வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10-ல் மேலே வியூ டேபிலேயே டிக் பெட்டி இருக்கும். வீடியோவுக்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். எம்பி4 என்று தெரிகிற பெயருக்குப் பின்னால் இஎக்ஸ்இ ஒளிந்திருந்தால் அது வீடியோ அல்ல, புரோகிராம். திறக்காமல் அழித்துவிடுங்கள்.

படி 2: விஎல்சியில் போடுங்கள்

முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த நகலை விஎல்சி பிளேயர் விண்டோவுக்குள் இழுத்துப் போடுங்கள். விஎல்சி பெரும்பாலும் பெயரை மட்டும் நம்பாது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்க்கும். ஓடினால் டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறந்து, படம் எந்தக் கோடெக்கில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் விவரம் வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச புரோகிராம் கன்டெய்னரின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. 'இந்த வீடியோவைப் பார்க்க எங்கள் கோடெக்கை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று ஃபைலோ இணையதளமோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விஎல்சி இருக்கும்போது தனியாகக் கோடெக் மூட்டை தேவைப்படுவது அபூர்வம்.

படி 3: ஓடவில்லையா? முதல் சில பைட்டுகளைப் பாருங்கள்

பயப்பட வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டுவது ஹெக்ஸ் எடிட்டர். ஹெச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலைத் திறங்கள். நோட்பேடில் திறக்காதீர்கள், பெரிய ஃபைல் என்றால் திணறிவிடும். ஹெச்எக்ஸ்டியில் இடது பக்கம் எண்கள், வலது பக்கம் எழுத்துகள். எதையும் மாற்றாமல் முதல் வரியை மட்டும் பாருங்கள்.

ஐந்தாவது பைட்டிலிருந்து எஃப்டிஒய்பி என்ற நான்கு எழுத்துகள் தெரிந்தால் அது எம்பி4 குடும்பம். ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கி, சற்றுத் தள்ளி ஏவிஐ என்று வந்தால் ஏவிஐ; டிவ்எக்ஸ் என்று முடியும் ஃபைல்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். எண்கள் பக்கம் 1ஏ 45 டிஎஃப் ஏ3 என்று இருந்தால் எம்கேவி அல்லது வெப்எம். 00 00 01 பிஏ என்றால் எம்பெக் புரோகிராம் ஸ்ட்ரீம். டிஹெச்ஏவி என்று எழுத்திலேயே தெரிந்தால் தாஹுவா கம்பெனியின் டிவிஆர், அதாவது சிசிடிவி ரெக்கார்டர், போடும் சொந்தக் கட்டு. பிகே என்றால் ஜிப் ஃபைல், பிரித்துப் பார்க்க வேண்டும். எம்இசட் என்றால் விண்டோஸ் புரோகிராம். என்ன பெயர் போட்டிருந்தாலும் தொடாதீர்கள்.

படி 4: பெயர் மாற்றினால் போதுமா?

பெயரை மாற்றுவதால் உள்ளே ஒன்றும் மாறாது. பெட்டியும் சீட்டும் பொருந்தாத இடத்தில் மட்டுமே அது உதவும். கோப்ரோவின் எல்ஆர்வி நல்ல உதாரணம்: கேமரா எடுத்த வீடியோவின் சிறிய, தரம் குறைந்த எம்பி4 நகல் அது. எம்பி4 என்று பெயர் மாற்றினால் ஓடிவிடும். ஆனால் அதையே ஒரிஜினல் என்று நினைத்துப் பெரிய ஃபைலை அழித்துவிடாதீர்கள். கூடவே இருக்கும் டிஹெச்எம் வெறும் ஜேபெக் படம். ஜேவிசியின் எம்ஓடி எம்பெக்-2; எம்பிஜி என்று மாற்றிப் பாருங்கள்.

விசிடியில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டிஏடி ஃபைல், எம்பெக்-1 வீடியோ. நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் அதன் அளவே 352x288 பிக்சல்தான், எந்த கன்வெர்ட்டர் போட்டாலும் அதற்கு மேல் தெளிவு வராது. டிஸ்க் கீறியிருந்தால் காப்பி பாதியில் நிற்கும். வேறு டிரைவில் போட்டுப் பார்ப்பது நல்லது. காப்பி ஆனதும் விஎல்சி நேராகவே திறக்கும்.

டிஏவி அப்படியல்ல. உள்ளே ஹெச்.264 அல்லது ஹெச்.265 வீடியோ இருந்தாலும் கட்டு வேறு, பெயர் மாற்றிப் பயனில்லை. தாஹுவாவின் ஸ்மார்ட் பிளேயரில் திறந்து, அதிலிருந்தே எம்பி4 அல்லது ஏவிஐ ஆக எடுக்கலாம். டிவிஆர் உங்கள் கையிலேயே இருந்தால் இன்னும் சுலபம்: பல மாடல்களில் பேக்கப் எடுக்கும் இடத்திலேயே ஃபார்மட் தேர்வு இருக்கும். திருட்டு, விபத்து என்று போலீஸிடம் கொடுக்க வேண்டிய காட்சி என்றால் டிஏவி ஒரிஜினலையும் அப்படியே பத்திரமாக வையுங்கள். மாற்றிய நகல் பார்க்க மட்டும்.

படி 5: பெட்டி மாற்றுவது, படத்தை மாற்றுவது

எடிட்டிங் சாஃப்ட்வேரோ டிவியோ ஃபைலை ஏற்கவில்லை என்றால் இரண்டு வழி. முதலில், பெட்டியை மட்டும் மாற்றுவது: எம்கேவிடூல்நிக்ஸ் என்ற புரோகிராமில் ஃபைலைப் போட்டு ஸ்டார்ட் மல்டிபிளெக்ஸிங் அழுத்தினால் படத்தைத் தொடாமல் எம்கேவி ஆக்கித் தரும். தரம் குறையாது, சீக்கிரமும் முடியும். டிவிக்கு அந்தக் கோடெக்கே புரியவில்லை என்றால்தான் இரண்டாவது வழி: ஹேண்ட்பிரேக் என்ற புரோகிராமில் ஹெச்.264 எம்பி4 ஆக மாற்றுவது. இது படத்தை மறுபடி சுருக்கும், நேரம் எடுக்கும், கொஞ்சம் தரமும் போகும். இணையத்தில் அப்லோட் செய்து மாற்றித் தரும் தளங்களை வீட்டு வீடியோவுக்கு நான் சொல்லமாட்டேன். நம் வீட்டுக் காட்சி யார் சர்வரில் போய் உட்காரும் என்று தெரியாது.

எதற்கும் மசியாதவை

சிஆர்டவுன்லோட் என்று முடிந்தால் குரோமில் டவுன்லோட் முடியவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் பார்ட் என்று இருக்கும். மறுபடி இறக்குவதுதான் வழி. பூட்டுப் போட்டு விற்கப்பட்ட படங்கள், வாங்கிய ஆப்பில் மட்டுமே ஓடும்.

ரெக்கார்டிங் நடுவில் பேட்டரி போய் நின்ற எம்பி4 வேறு ரகம். எந்த ஃபிரேம் எங்கே என்று சொல்லும் பட்டியலைப் பல கேமராக்கள் கடைசியில்தான் எழுதும். அதை எழுதும் முன்பே கேமரா அணைந்திருக்கும். அன்ட்ரங்க் என்ற இலவச டூல் இதைச் சரிசெய்யப் பார்க்கும். அதற்கு அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று வேண்டும். அதனால் கார்டை ஃபார்மட் செய்வதற்கு முன் அப்படி ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.