ஹாங்காங்கில் டிம்சம்: முதல் முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாங்காங் போகிறவர்களில் பலர் நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு, டிம்சத்தை, அதாவது சின்னக் கூடைகளிலும் தட்டுகளிலும் வரும் சீனச் சிற்றுண்டிகளை, இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். முதல் தவறு அதுதான். அங்கே டிம்சம் காலையிலும் மதியத்திலும் டீயோடு சாப்பிடுகிற பண்டம். பழைய கடைகளில் அதிகாலையிலேயே அடுப்பு எரியும், மதியம் 3 மணி வாக்கில் டிம்சம் முடிந்துவிடும். நாள் முழுக்கத் தருகிற கடைகளும் இப்போது இருக்கின்றன. ஆனாலும் காலை 9 மணிக்குப் போய்ப் பாருங்கள், பேப்பர் படிக்கும் பெரியவர்கள் நடுவே அவசரமில்லாமல் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு மேல் போனால் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டியதுதான்.

உட்கார்ந்ததும் என்ன டீ வேண்டும் என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். டீக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் ஒரு தொகை வரும். அது ஏமாற்று இல்லை, ஊர் வழக்கம். பன்றி இறைச்சிப் பண்டங்களுக்குக் கருப்பான பூ-ஏர் டீ நன்றாகப் பொருந்தும், லேசாக வேண்டுமென்றால் மல்லிகை டீ. பால், சர்க்கரை கேட்க வேண்டாம். பல இடங்களில் இன்னொரு கெண்டியில் வெந்நீரும் வரும். அது கிண்ணம், குச்சிகளை அலசவும் டீ கடுத்துப்போனால் சேர்க்கவும்தான். கெண்டி காலியானால் கத்திக் கூப்பிட வேண்டாம். மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், வந்து நிரப்புவார்கள். அடுத்தவருக்கு ஊற்றிவிட்டுக் கடைசியில் நமக்கு ஊற்றிக்கொள்வதுதான் மரியாதை. யாராவது நமக்கு ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றி.

அப்புறம், ஆர்டர். சீட்டில் டிக் அடிக்கிற கடைகளில் பசியோடு பத்துப் பன்னிரண்டு பண்டங்களுக்கு டிக் போட்டுவிடுகிறார்கள். ஒரு மூங்கில் கூடையில் பெரும்பாலும் மூன்று நான்குதான் இருக்கும், அதனால் குறைவாகத் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் பாதி ஆறிப்போகும். இறால் வைத்த ஹா காவின் மேல்மாவு கொழுக்கட்டை மாதிரிதான், சூட்டில் மெத்தென்று இருக்கும், ஆறினால் விறைத்துவிடும். இரண்டு பேர் என்றால் முதலில் நான்கு கூடை போதும். தீர்ந்த பிறகு மறுபடி கேட்கலாம்.

நம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது மறைந்திருக்கும் இறைச்சி. மேலே திறந்த கொழுக்கட்டை போன்ற சியூ மை, ஆவியில் வெந்த பன் ஆன சார் சியூ பாவ் இரண்டிலும் பன்றி இறைச்சி என்பது பலருக்குத் தெரியும். ஆனால் முள்ளங்கி கேக் என்று மெனுவில் பார்த்ததும் சைவம் என்று நம்பிவிடுகிறார்கள். அதில் வழக்கமாகக் காய்ந்த இறாலும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் சேர்ப்பார்கள். மொறுமொறுப்பான சேப்பங்கிழங்கு உருண்டைக்குள்ளும் பன்றி இறைச்சிப் பூரணம்தான். பேஸ்ட்ரி வகைகளில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். வெறும் கீரை கேட்டால்கூட மேலே சிப்பி சாஸ் ஊற்றி வரும். "வெஜிடேரியன்" என்று சொல்வது மட்டும் போதாது. இறைச்சி, மீன், இறால், சிப்பி சாஸ், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். அதைவிட நல்லது பௌத்த சைவ உணவகத்துக்கே போவது. டயமண்ட் ஹில் பகுதியில் 'நான் லியான்' (Nan Lian) என்ற தோட்டத்துக்குள் அப்படி ஒன்று இருக்கிறது. ஹலால் வேண்டுவோருக்கு வான் சாய் பகுதியில் அம்மார் மசூதியின் கேன்டீன் இருக்கிறது, அங்கே ஹலால் டிம்சமே கிடைக்கும். இந்த இரண்டு இடமும் தெரியாமல், பயந்துகொண்டு டிம்சமே வேண்டாம் என்று வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

சாப்பிடும்போது சில விஷயங்கள். 'லோ மாய் காய்' என்பது கோழி சேர்த்த பசையரிசிப் பொட்டலம். அதைச் சுற்றியிருக்கும் தாமரை இலையைச் சாப்பிடக் கூடாது, பிரித்து உள்ளே இருக்கும் பசையரிசியை மட்டும் எடுங்கள். உப்பு முட்டைக் கரு வைத்த பன்னை ஒரேயடியாகக் கடிக்காதீர்கள், உள்ளே கொதிக்கக் கொதிக்க வழியும். குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதை நினைவூட்டும்.

பழைய கடைகளில் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பது சாதாரணம், தயங்காமல் உட்காருங்கள். சின்னக் கடைகளுக்குப் போகும்போது கையில் ரொக்கம் இருக்கட்டும். பல உணவகங்களில் பில்லோடு 10% சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும். அது இருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.