முடிவை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுவது: வறுமை ஒழிப்பு ஆய்வுகளைப் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்வதால் ஏழைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே கிடைத்திருக்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை தருவது, கொசுவலையை இலவசமாகக் கொடுப்பது, வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளை வயதைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்லித் தருவது ஆகியவை எல்லாம் கடந்த முப்பது ஆண்டுகளில் ஊர் ஊராகச் சோதிக்கப்பட்டு, பிறகு பெரிய அளவில் பரவிய திட்டங்கள். குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குத் திட்டத்தைக் கொடுத்து, கொடுக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தச் சோதனை முறையை வளர்த்தெடுத்ததற்காகத்தான் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதே ஆராய்ச்சியைத் தவறாகப் படித்து, பொருந்தாத இடத்தில் பொருத்தி, பணத்தையும் பல ஆண்டுகளையும் இழந்த கதைகளும் இருக்கின்றன. தொண்டு நிறுவனங்களில் பணியாற்றுபவர்கள், அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள், பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. “இது பலன் தந்தது” என்ற முடிவை எல்லோரும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். “ஏன் பலன் தந்தது, யார் கையில் பலன் தந்தது” என்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஓர் ஊரின் வெற்றியை அப்படியே பெயர்த்து நடுவது

இதற்கு நம் ஊரிலிருந்தே தொடங்கும் உதாரணம் ஒன்று உண்டு. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமங்களில் கைக்குழந்தைகளையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் மாதந்தோறும் எடை பார்ப்பார்கள். எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு மட்டும், அது தேறும்வரை, கூடுதல் சத்துணவு தருவார்கள். அதோடு தாயிடம் உட்கார்ந்து பேசுவார்கள்: எதைக் கொடுக்க வேண்டும், எத்தனை முறை கொடுக்க வேண்டும், வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது. உலக அளவில் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

1995இல் வங்கதேசம் ஏறக்குறைய இதே வடிவத்தில் தன் ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. அதே எடை பார்த்தல், அதே கூடுதல் உணவு, தாய்மார்களுக்கு அதே அறிவுரை. பின்னால் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு பார்த்தபோது, குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. அறிவுரை தாய்மார்களின் காதில் விழாமல் போகவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. அவர்கள் கையில் அதிகாரம்தான் இல்லை. வங்கதேசக் கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பமாக இருந்தால் அடுப்படியில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது மாமியார். திட்டமோ மருமகளிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, மையத்தில் கொடுத்த உணவு சில வீடுகளில் வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகச் சேராமல் அதற்குப் பதிலாகிப்போனது.

தமிழ்நாட்டில் திட்டம் வென்றதற்குப் பின்னால் யாரும் எழுதிவைக்காத ஒரு நிபந்தனை இருந்திருக்கிறது: குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது என்பதில் தாய்க்குப் பங்கு உண்டு. அந்த நிபந்தனை இல்லாத இடத்தில் மீதி எல்லாவற்றையும் துல்லியமாக நகலெடுத்தும் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டி நமக்கு மாத்திரை வாங்குவது போன்றது இது.

எனவே ஒரு வெற்றிக் கதையைப் படித்தவுடன் அதன் படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பணம் யார் கைக்குப் போகிறது, அவர் என்ன செய்கிறார், அதனால் குழந்தைக்கு என்ன மாறுகிறது. ஒவ்வொரு படிக்கும் எதிரே “நம் ஊரில் இது உண்மையா?” என்று கேளுங்கள். மாமியாரை அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்பது அறிக்கையில் இருக்காது. அந்தக் கிராமத்தில் ஒரு வாரம் இருந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

செய்பவர் யார் என்று பார்க்காமல் விடுவது

மேற்கு கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைக் கூடுதலாக நியமித்த ஒரு சோதனையில் குழந்தைகளின் மதிப்பெண் உயர்ந்தது. செலவும் குறைவு. நாடு முழுவதும் செய்யலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஒரு நல்ல காரியம் நடந்தது. மற்றொரு ஆய்வுக் குழு நாட்டின் அப்போதைய எட்டு மாகாணங்களிலும் அதே திட்டத்தைச் சோதித்தது. சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் ஆசிரியரை நியமித்தது, சில பள்ளிகளில் அரசே நியமித்தது. தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் முன்பு போலவே மதிப்பெண் உயர்ந்தது. அரசு நடத்திய இடங்களில் எந்த மாற்றமும் இல்லை. சம்பளம் தாமதமாக வந்தது, கண்காணிப்பு தளர்ந்தது, பணி நிரந்தரம் பற்றிய அரசியல் உள்ளே நுழைந்தது. காகிதத்தில் ஒரே திட்டம்தான்.

இதைப் படித்துவிட்டு “அரசால் எதுவும் முடியாது” என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. அதை மறுக்கும் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அங்கன்வாடி மையத்தில் ஒரே பணியாளர் பதிவேடுகளை எழுத வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளைச் சந்திக்க வேண்டும். முன்பருவக் கல்வி கடைசி வரிசைக்குத் தள்ளப்படும். மாநில அரசோடு சேர்ந்து நடந்த ஓர் ஆய்வில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். குழந்தைகள் பாடம் கற்கும் நேரம் இரட்டிப்பானது. கற்றல் திறன் உயர்ந்தது. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் கடுமையான வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. அரசு ஊழியர்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அவர்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்ததன் பலன் இது. எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு.

முன்பும் பின்பும் பார்த்து மகிழ்வது

திட்டத்துக்கு முன் இவ்வளவு, திட்டத்துக்குப் பின் இவ்வளவு என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாராட்டு விழா நடத்துவது எல்லா நாட்டு அரசுகளுக்கும் பிடித்த வேலை. ஆண்டறிக்கை எழுதும் தொண்டு நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல.

பெருந்தொற்றுக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தன. அதே சமயத்தில் மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டமும் தொடங்கியது. சில மாதங்களில் குழந்தைகள் வேகமாகத் தேறினார்கள். இது திட்டத்தின் சாதனை என்று ஒருவர் சொல்லலாம். பள்ளி திறந்ததால் தானாக நடந்தது என்று மற்றொருவர் சொல்லலாம். நல்வாய்ப்பாக, 2019இலேயே ஓர் ஆய்வுக் குழு தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளின் கற்றல் நிலையை அளந்து வைத்திருந்தது. அந்த அளவு இருந்ததால் எவ்வளவு இழந்தார்கள், எவ்வளவு மீட்டார்கள் என்று சொல்ல முடிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். முழுப் பெருமையும் திட்டத்துக்கு இல்லை. ஆனால் நான்கில் ஒரு பங்கு என்பது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் வேலை செய்த தன்னார்வலர்களுக்கு எவ்வளவு பெரிய பாராட்டு என்று நினைத்துப் பாருங்கள். தொடக்க நிலையை அளக்காமல் விட்டிருந்தால் இந்தப் பாராட்டை யாரும் நேர்மையாகச் சொல்லியிருக்க முடியாது.

ஒப்பீடு தவறினால் நேர்மாறாகவும் ஏமாறலாம். கென்யாவில் சுவரில் மாட்டும் விளக்கப்படங்கள் இருந்த பள்ளிகளில் மதிப்பெண் அதிகமாக இருந்தது. படங்களால்தான் என்று தோன்றியது. படம் இல்லாத பள்ளிகளில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. முன்பே நன்றாக நடந்துகொண்டிருந்த பள்ளிகள்தான் படங்களையும் வாங்கி மாட்டியிருந்தன.

சராசரியோடு நின்றுவிடுவது

அதே கென்யாவில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்தும் சராசரி மதிப்பெண் உயரவில்லை. உள்ளே புகுந்து பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்த மாணவர்கள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல குழந்தைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் பயனற்றது என்பது இதன் பொருள் இல்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த புத்தகம் பயன்படவில்லை, அவ்வளவுதான். மைக்கேல் கிரெமரும் மற்றவர்களும் பிறகு கற்றல் நிலையைப் பார்த்துக் குழந்தைகளைப் பிரித்துக் கற்பிப்பதன் பக்கம் கவனத்தைத் திருப்பியதில் இந்தத் தோல்விக்குப் பங்கு உண்டு.

ஏழைகளுக்குத் தொழில் செய்யத் தரும் சிறு கடனான நுண்கடனிலும் இதுவே நடந்தது. இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ உட்பட ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. ஹைதராபாத் ஆய்வு 104 குடியிருப்புப் பகுதிகளில் நடந்தது. குடும்பங்களின் சராசரி நுகர்வு உயரவில்லை. வறுமையை ஒழித்துவிடும் என்று கொண்டாடியவர்கள் அமைதியானார்கள்; மோசடி என்று சொன்னவர்கள் வெற்றி முழக்கம் இட்டார்கள். இருவரும் அவசரப்பட்டார்கள். ஏற்கெனவே தொழில் நடத்திவந்த சிலருக்குக் கடன் கைகொடுத்தது. புதிதாகத் தொடங்கிய பெரும்பாலோருக்கு லாபம் சொற்பம். யாருக்கு எந்தத் தவணையில் கொடுப்பது என்ற கேள்விக்குள் அதற்குப் பிறகுதான் போக முடிந்தது.

ஏழைகளைப் பற்றி முன்முடிவோடு வருவது

இந்தத் தவறு என்னை எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்துகிறது. “இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள்.” “தடுப்பூசி போடாததற்கு மூடநம்பிக்கைதான் காரணம்.” நிபுணர்கள் கூட்டத்திலும் டீக்கடையிலும் ஒரே வாக்கியங்கள்.

கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவ நிலையங்களில் கொசுவலைக்கு வெவ்வேறு விலை வைத்துப் பார்த்தார்கள். இலவசமாக வாங்கியவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் விலை வெறும் 40 ஷில்லிங்குக்கு, அதாவது ஏறக்குறைய 60 சென்ட்டுக்கு உயர்ந்தவுடன் வாங்குவோர் எண்ணிக்கை சரிந்தது. மதிப்பை உண்டாக்கும் என்று வைத்த விலை, வலை மிகவும் தேவைப்பட்டவர்களையே வெளியே நிறுத்தியது.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் 134 கிராமங்களில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. சாதாரணமாக விட்ட கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு. தவறாமல் மாதந்தோறும் முகாம் நடத்திய கிராமங்களில் 18. முகாமோடு, ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39. ஒரு கிலோ பருப்புக்காக விட்டுக்கொடுக்கும் நம்பிக்கை எவ்வளவு ஆழமானதாக இருந்திருக்கும்? பெற்றோர் ஊசியை எதிர்க்கவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனால் நிலையம் பூட்டிக் கிடக்கும் என்பது அவர்களின் அனுபவம். இன்னொன்றையும் கவனியுங்கள். பருப்பு கொடுத்ததால், முழுத் தடுப்பூசி பெற்ற ஒரு குழந்தைக்கான செலவு ஏறவில்லை. ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. செவிலியருக்கு எப்படியும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதிகக் குழந்தைகள் வந்ததால் தலைக்கு ஆகும் செலவு இறங்கியது. பருப்புச் செலவை மட்டும் பார்த்துத் திட்டத்தை வெட்டும் நிதித்துறை அதிகாரிக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

தோல்வியை மறைப்பது

வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பகுதியில் நெல் அறுவடைக்கு முன்பான மாதங்களை மோங்கா என்பார்கள். வேலை இருக்காது, சாப்பாடு சுருங்கும். 2008இல் ஆய்வாளர்கள் 100 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பலவற்றில் நகரத்துக்கு வேலை தேடிப் போக ஏறக்குறைய 8.50 டாலர், அதாவது பஸ் கட்டணத்துக்கான பணம் கொடுத்துப் பார்த்தார்கள். கணிசமான குடும்பங்கள் ஒருவரை அனுப்பின. அந்தக் குடும்பங்களின் சாப்பாடு கூடியது. அடுத்த ஆண்டு பணம் கொடுக்காமலேயே பலர் மீண்டும் போனார்கள். இவ்வளவு குறைந்த செலவில் பசிக்காலத்தைக் கடக்க வழி கிடைத்துவிட்டது என்று உற்சாகம் எழுந்தது.

‘எவிடென்ஸ் ஆக்‌ஷன்’ என்ற அமைப்பு இதைப் பெரிய அளவில் நடத்தியது. 2017இல் விரிவாக்கியபோதும் குலுக்கல் முறையில் அளந்தார்கள். இந்த முறை வெளியூர் சென்றவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. அந்த ஆண்டு பெருவெள்ளம் வந்திருந்தது. பணத்தை விநியோகித்த முறையிலும் மாற்றங்கள் இருந்தன. காரணம் காட்டித் தொடர்ந்திருக்கலாம், நன்கொடையாளர்களும் நம்பியிருப்பார்கள். அவர்கள் முடிவை வெளியிட்டு, 2019இல் திட்டத்தை மூடுவதாக அறிவித்தார்கள். நன்கொடை வேறு வேலைக்குத் திரும்பியது.

நம் துறைகளும் நிறுவனங்களும் நடத்தும் மதிப்பீடுகளில் எத்தனை இப்படி மக்கள் பார்வைக்கு வருகின்றன? ஒரு திட்டத்துக்கு நிதி ஒதுக்கும் ஆணையிலேயே, யார் அளப்பார்கள், எப்போது அளப்பார்கள், அறிக்கை எந்தத் தேதியில் தமிழில் வெளியாகும் என்று மூன்று வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம், நன்கொடை தரும் நிறுவனத்திடம் கேட்கலாம், நாமே நடத்தும் சிறிய அறக்கட்டளையின் செயற்குழுவிலும் கேட்கலாம்.