புனிதரைத் துணைக்கு வைத்துக்கொள்வது எப்படி

புனிதர் என்றாலே நம் கடற்கரையில் முதலில் நினைவுக்கு வருவது வேண்டுதல்தான். செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போவோம், மெழுகுவர்த்தி கொளுத்துவோம், கொடியேற்றத்திலிருந்து சப்பரம் நிலைக்கு வரும் வரை கூடவே நிற்போம், பிள்ளைக்கு அந்தோணி, சந்தியாகு, அருளானந்தம் என்று பேரும் வைப்போம். எல்லாம் நல்லதுதான், எதையும் விட வேண்டாம். ஆனால் அந்தப் பேருக்குரிய மனிதர் யார், எந்த ஊர்க்காரர், எதற்காக உயிரை விட்டார் என்று அதே பிள்ளை ஒருநாள் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. அது தெரிந்திருந்தால், கஷ்டம் வரும்போது கையேந்துவதோடு நிற்காமல், "சரி, அடுத்து என்ன செய்வது" என்று யோசிக்கவும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பார். எனக்கு அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தினம் ஒரு புனிதரின் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பார்க்கிறோம், அடுத்த நாள் வேறு முகம், ஒரு மாதம் போனால் யார் என்ன செய்தார் என்பதே கலங்கிப்போகும். உங்கள் ஞானப்பெயருக்கு உரியவர், ஊர்ப் பாதுகாவலர், உறுதிபூசுதலின்போது எடுத்த பெயர், இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் ஒத்துவரும். எதுவுமே மனதில் ஒட்டவில்லையா, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரத்தில் வாழ்ந்து இறந்த ஒருவரைப் பிடியுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது. ஒரு பக்கம் ஓரியூர், இன்னொரு பக்கம் வேதாளை.

அடுத்தது, என் அனுபவத்தில் மிக முக்கியமானது. புதுமைகளைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைத்துவிட்டு, அவர் எடுத்த முடிவைத் தேடுங்கள். ஒவ்வொரு புனிதரின் வாழ்க்கையிலும் வேறு வழியில் போயிருக்கலாம் என்ற இடம் ஒன்று வரும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், சௌகரியமாகவும் இருந்திருக்கும். ஆனாலும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தால் அந்த ஆள் உங்களுக்குப் பிடிபட்டுவிடுவார். புதுமையை நம்மால் செய்ய முடியாது, முடிவை நம்மாலும் எடுக்க முடியும்.

அருளானந்தரையே எடுத்துக்கொள்வோம். ஜான் டி பிரிட்டோ, 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர், சின்ன வயதில் போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தவர். சேசு சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்து, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாக நம் வறண்ட சீமையில் நடந்தே ஊழியம் செய்தார். 1686-இல் அவரையும் கூட இருந்த உபதேசியார்களையும் பிடித்து அடித்துச் சித்திரவதை செய்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தடவை சேதுபதி மன்னர், இந்த நாட்டில் இனிமேல் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். அப்புறம் சபை வேலையாக ஐரோப்பாவுக்குப் போகிறார். அங்கே யார் ராஜா தெரியுமா, அந்தப் பழைய தோழன் பேதுருதான். இங்கேயே இருந்துவிடு என்று அரசரே பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். உடம்பெல்லாம் அடிபட்ட ஒருவருக்கு, சொந்த ஊர், சொந்த பாஷை, அரண்மனை மரியாதை. இருந்திருக்கலாம். 1690-இல் கப்பலேறித் திரும்ப இந்தியாவுக்கே வந்தார். மூன்று வருஷத்துக்குள், 1693 பிப்ரவரி 4, அந்த வருஷத்து விபூதிப் புதனன்று, ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. முந்தைய நாள்கூட சிறையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1947-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

அவர் செத்த கதை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், ஓரியூர் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து வீட்டில் வைக்காதவர்கள் குறைவு. எனக்கு ஆச்சரியம் அந்த லிஸ்பன் முடிவுதான். ஒரு தடவை அடிபட்ட இடத்துக்கு, அடி எப்படி வலிக்கும் என்று தெரிந்தே, திரும்பி வருவது. குடித்துவிட்டு வரும் அண்ணனைப் பார்க்க மறுபடி அந்த வீட்டுப் படியேறுகிற தங்கச்சிக்கும், ஊர்க்கூட்டத்தில் அவமானப்பட்டபின் அடுத்த கூட்டத்துக்கும் போய் நியாயத்தைச் சொல்ல வேண்டியவருக்கும் இந்த மனிதர் நெருக்கமானவர்.

படிக்கும்போது எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். அருளானந்தர் காலத்து மன்னர் கிழவன் சேதுபதியை வெறும் கொடுங்கோலனாக வரைந்துவிட்டால் கதை சுலபமாகிவிடும், ஆனால் உண்மை குறைந்துவிடும். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் அவர், மறவர் சீமையைக் கட்டி எழுப்பியவர், 1686-இல் அருளானந்தரை உயிரோடு விட்டவரும் அவர்தான். பிறகு மறவர் குலத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் வாங்கி, முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பியபோது, அனுப்பப்பட்ட கடலாயி மன்னரின் உறவுப் பெண். குடும்ப மானமும் அரசியலும் அதில் கலந்துவிட்டன. இதைத் தெரிந்துகொண்டால் புனிதர் மேலுள்ள பக்தி குறையாது, அவர் எவ்வளவு சிக்கலான இடத்தில் நின்றார் என்பது புரியும்.

வேதாளை கதையும் அப்படித்தான். மண்டபம் போகிற வழியில் எத்தனையோ தடவை அதைக் கடந்திருப்போம். 1549-இல் அங்கே இருந்த போர்ச்சுகீசியத் தளபதி, ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களிடம் வரி வசூலித்ததில் ஆத்திரமடைந்து வடுகர் (தெலுங்கர்) படை வந்தது. தப்பு அந்தத் தளபதியுடையது, மாட்டிக்கொண்டது ஊர் ஜனம். அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலிக்காரக் குரு, வயது 29, பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் ஏறாமல் கரையில் நின்று ஈட்டிக் குத்துப்பட்டு இறந்தார். சேசு சபையின் முதல் மறைசாட்சி இவர். அருளானந்தரைத் தெரிந்த அளவுக்கு இவரை நம் ஆட்களுக்குத் தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். வீட்டுக்கோ, படகுக்கோ, அன்பியம் என்கிற பங்கின் சிறு குழுவுக்கோ பொறுப்பாக இருப்பவர்கள் இவரைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் ஏறுகிறவர்தான் பொறுப்பாளி என்பதை இவரைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

போட்ட திட்டம் எல்லாம் உடைந்துபோனவர்களுக்கு அந்தோணியார். பதுவை அந்தோணியார் என்கிறோம், பிறந்தது லிஸ்பன், 1195-இல். மொராக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் உடலைப் பார்த்துவிட்டு, நானும் அங்கே போய் உயிரைக் கொடுக்கிறேன் என்று கிளம்பினார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்தார். திரும்பி வந்த கப்பல் காற்றில் சிக்கிச் சிசிலியில் கரை ஒதுங்கியது. அப்புறம் இத்தாலியில் ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் இருந்தார். ஒருநாள் குருப்பட்டத் திருப்பலியில் பிரசங்கம் வைக்க ஆள் தயாராக இல்லை என்று இவரை எழுப்பிவிட்டார்கள், அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. காற்று மாறி வேறு கரையில் போய் நின்ற அனுபவம் நம் பாம்பன், தங்கச்சிமடத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கச்சத்தீவு வரைக்கும் அவரைத் தேடிப் படகேறிப் போகிறோமே, போகும்போது இந்தக் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போகலாம்.

கோபக்காரர்களுக்குச் சந்தியாகப்பர், அதாவது அப்போஸ்தலர் யாக்கோபு. வலை சீர்படுத்திக்கொண்டிருந்த மீனவர், சமாரியர் ஊர்மேல் வானத்திலிருந்து நெருப்பை இறக்கட்டுமா என்று ஆண்டவரிடமே கேட்டவர், பக்கத்து ஆசனம் வேண்டும் என்றும் கேட்டவர். அப்போஸ்தலர்களில் முதலில் உயிரைக் கொடுத்தவரும் அவர்தான்.

சரி, எப்படிப் படிப்பது? இந்தக் கரையில் புனிதர் வரலாறு படிப்பது புதிதில்லை. போர்ச்சுகீசியக் குருவான அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, இந்த முத்துக்குளித்துறை மக்களுக்காகவே 1586-இல் புனிதர்களின் வாழ்க்கையைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு பழைய பழக்கம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாள், அதில் ஒருவரின் வாழ்க்கையை முழுசாகப் படித்துவிடலாம். பங்குச்சாமியாரிடம் கேட்டால் புத்தகம் கிடைக்கும். ஒரேயடியாகப் படிக்காதீர்கள், ஒரு சம்பவம் படித்ததும் மூடிவையுங்கள்.

மூடிவைத்தபின் செய்ய வேண்டிய ஒன்றை, சேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். 1521-இல் பம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்தபோது, பொழுதுபோக வீரர் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தது இயேசுவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும்தான். வீரதீரக் கனவு காணும்போது இனித்தது, பிறகு மனம் வறண்டுபோனது. அசிசி பிரான்சிஸ் செய்ததை நான் செய்தால் என்ன என்று நினைத்தபோதும் இனித்தது, அது முடிந்த பிறகும் மனம் நிறைவாகவே இருந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அவர் வாழ்க்கையே மாறியது. நீங்களும் படித்து அரைமணி நேரம் கழித்து, வலை பின்னும்போதோ சமையல் செய்யும்போதோ, மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பரபரப்பு மட்டும் கிளம்பி அடங்கியிருந்தால் அந்தச் சம்பவம் இப்போதைக்கு உங்களுக்கானதில்லை. ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிடித்ததை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். "அருளானந்தர் திரும்பி வந்தார்." அவ்வளவு போதும். அதற்குக் கீழே இந்த வாரம் நான் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று ஒரு பெயரோ இடமோ எழுதுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். பேசாமல் விட்ட மச்சானுக்கு ஒரு போன், தள்ளிப்போட்ட ஒரு கடன் கணக்கு. சனிக்கிழமை பார்த்து, செய்திருந்தால் டிக், இல்லை என்றால் அதே வரியை மறுபடி எழுதுங்கள். வேண்டுதலையும் இதோடு சேர்த்துவிடலாம். "இதை நடத்திக் கொடும்" என்பதோடு "இதைச் செய்ய எனக்குத் தைரியம் கொடும்" என்றும் கேளுங்கள்.

பீடத்தில் இருப்பவர்களோடு நிறுத்த வேண்டாம். ராமேஸ்வரத்தில் அப்துல் கலாமுக்குப் பாடம் எடுத்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைப் பலகையில் வரைந்து காட்டியதோடு விடாமல் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும் எடுத்த முடிவு அது. ஆசிரியராக இருப்பவர்கள் இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, புனிதருக்குப் பயமே கிடையாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயம் இருந்தது, இருந்தும் செய்தார் என்று சொன்னால் பிள்ளை இன்னொரு கேள்வி கேட்கும். பிப்ரவரி 4 அருளானந்தர், ஜூன் 13 அந்தோணியார், ஜூலை 25 சந்தியாகப்பர், டிசம்பர் 3 சவேரியார். அந்தந்தப் பேர் உள்ள பிள்ளைக்கு அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதை. ஓரியூர் திருவிழாவுக்கு எல்லாரும் போகத்தான் வேண்டும், ஆனால் கூட்டத்தில் பிள்ளைக்கு எதையும் நின்று விளக்க முடியாது. அதனால் சாதாரண வார நாள் ஒன்றில், திருவாடானை வழியாகக் காலையிலேயே கிளம்பி, நோட்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை போய் வாருங்கள்.