மதுரையில் கே, லெஸ்பியன் சந்திப்பு நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" மதுரையில் புது முகத்தைப் பார்த்தால் வரும் முதல் கேள்வி இது. டீக்கடையில் கேட்பார்கள், மண்டபத்து வாட்ச்மேன் கேட்பார், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கேட்பார். சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கிற நிகழ்ச்சிகளைப் பார்த்து அதே மாதிரி இங்கே நடத்த முயல்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கணக்கில் எடுப்பதில்லை. போகிற வழியில் யார் பார்ப்பார்கள், வீட்டில் என்ன சொல்வது, நாளைக்கு இது யார் காதுக்குப் போகும் என்று மூன்றையும் யோசித்த பிறகுதான் இங்கே ஒருவர் செருப்பை மாட்டுகிறார். இந்த மூன்றுக்கும் நடத்துகிறவரிடம் பதில் இருந்தால் வந்தவர் மறுபடியும் வருவார். இல்லையென்றால் முதல் கூட்டத்துக்கு முப்பது பேர், மூன்றாவது கூட்டத்துக்கு நடத்துகிற நாலு பேர் மட்டும்.

நாள் குறிப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு என்று காலண்டரைப் பார்க்காமல் குறித்துவிடுகிறார்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் ஊரில் இருக்கிற எல்லா மண்டபத்திலும் யாரோ ஒருவரின் சித்தப்பா மொய் எழுதிக்கொண்டிருப்பார். சித்திரைத் திருவிழா நாட்களில் கிராமத்துச் சொந்தம் முழுக்க டவுனுக்குள் இருக்கும், மாசி வீதிகளிலும் ஆற்றோரத்திலும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் விளக்குத்தூண் பக்கம் நினைக்கவே வேண்டாம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு, காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை என்பது இந்த ஊருக்கு ஒத்துவரும் நேரம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து வருகிறவர்கள் பகல் வெளிச்சத்திலேயே வீடு திரும்பிவிடலாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குவது, பெண்கள் வர வேண்டாம் என்று சொல்லாமல் சொல்வது.

இடம் பிடிக்கும்போது வாடகையை மட்டும் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். மினி ஹால்களில் வாசல் பலகையில் விசேஷத்தின் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைப்பது வழக்கம். என்ன எழுதப் போகிறார்கள் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். நிகழ்ச்சிக்கு உண்மையான, சாதாரணமான ஒரு பெயர் வையுங்கள். "வாசகர் வட்டம்" என்று வைத்தால் ஒரு மணி நேரமாவது எல்லோரும் சேர்ந்து ஒரு சிறுகதை படிக்க வேண்டும். அப்போது, வருகிறவர் வீட்டில் சொல்வது பொய்யாகாது. அம்மா "என்ன கதை படிச்சீங்க?" என்று கேட்டாலும் பதில் இருக்கும். ரோட்டைப் பார்த்த கண்ணாடிச் சுவர் உள்ள கஃபே, ஒரே ஒரு வாசல் உள்ள மாடி, டியூஷன் சென்டருக்கு மேல்தளம், இந்த மூன்றும் வேண்டாம். டவுன் பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். மகளிருக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆனால் ஆட்டோ பிடித்தால்தான் வர முடியும் என்றால் காசும் போகும், டிரைவருக்கு முகவரியும் தெரியும்.

முகவரியை மர்மமாக வைப்பதும் தவறுதான். "பெட்ரோல் பங்க் பக்கத்துல, வந்து போன் பண்ணுங்க" என்றால் வருகிறவர் பெட்டிக்கடையில் நின்று வழி கேட்பார், கடைக்காரர் "என்ன நிகழ்ச்சி?" என்பார். முதல் நாள் இரவு மேப் லொக்கேஷனும், அன்று காலை கேட்டின் போட்டோவும் அனுப்புங்கள். நம் அடையாளமான வானவில் கொடி உள்ளே இருக்கட்டும். வெளியே ஒருவர் கையில் மஞ்சப்பையோடு நின்றால் போதும், அடையாளம் தெரிந்துகொள்வார்கள்.

அடுத்தது செல்போன். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைச் சேர்த்த நொடியிலேயே அவர் நம்பர் அத்தனை பேருக்கும் போய்விடுகிறது. நம்பரை ட்ரூகாலரில் போட்டால் பெயர் வரும். சில பேருக்கு "கார்த்தி ஈபி ஆபீஸ்" என்று வேலை செய்யும் இடமும் சேர்ந்தே வரும், ஏனென்றால் யாரோ அப்படித்தான் சேமித்து வைத்திருப்பார்கள். புனைபெயரில் வந்தவரின் புனைபெயர் அங்கேயே உடைந்துவிடும். குழுவுக்குப் பதில் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்தினால் உறுப்பினர்களின் நம்பர் அட்மினுக்கும், ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். சிக்னல் செயலியில் நம்பரை மறைத்துப் பயனர்பெயரை மட்டும் கொடுக்கலாம். குழுவின் பெயரில் வானவில் எமோஜி போடாதீர்கள். பூட்டிய திரையிலும் நோட்டிஃபிகேஷன் வரும், அந்த போன் அப்போது தங்கச்சி கையில் இருக்கலாம்.

பணம் வாங்குவதிலும் இதே கதைதான். ஜிபேயில் நம்பரைப் போட்டதும் வங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர் வந்து நிற்கும், பல பேருக்கு அப்பா பெயரோடு. அனுப்புகிறவரின் கணக்கு விவரத்திலும் வாங்கியவரின் பெயர் இருக்கும். அந்தப் பாஸ்புக்கைப் பார்ப்பது அப்பாவாகவே இருக்கலாம். ரொக்கமாக வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் ஓட்டை வைத்து வாசலுக்கு உள்ளே வைத்துவிட்டால் யார் போட்டார், யார் போடவில்லை என்று யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் பட்டியல் எழுதவே வேண்டாம். இருபத்தைந்து பேருக்குச் செலவும் பெரிதில்லை. ஒரு கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்தால் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் வரும். ஆளுக்கு 100 மில்லி வீதம் இரண்டு சுற்று டீக்கு ஐந்து லிட்டர். டீயைக் கேனில் வாங்கி வந்துவிடுங்கள். மாஸ்டர் உள்ளே வந்து ஊற்ற வேண்டியதில்லை.

கூட்டம் தொடங்கும்போது செல்போன்களை வாங்கி வைப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் போன் ஒரு மணி நேரம் ஸ்விட்ச் ஆஃப் ஆனால் அம்மா முதலில் தோழிக்குப் போன் அடிப்பார், அடுத்து தோழியின் அம்மாவுக்கு. அதனால் போன் அவரவர் கையிலேயே இருக்கட்டும். பாட்டுச் சத்தம் கேட்காத ஒரு மூலையில் நாற்காலி போட்டு, வீட்டுப் போன் வந்தால் அங்கே போய்ப் பேசச் சொல்லுங்கள்.

போட்டோவுக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும். முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்பது தப்புக் கணக்கு. நம்மைத் தெரிந்தவர்கள் முகத்தை வைத்து மட்டும் நம்மை அடையாளம் காண்பதில்லை. போன பொங்கலுக்கு அத்தை எடுத்துக் கொடுத்த மெரூன் சட்டை, மணிக்கட்டில் அழகர்கோவில் கயிறு, கால் கட்டைவிரலில் பழைய தையல் தழும்பு, இதில் ஒன்று போதும். பின்னால் ஜன்னலில் எதிர்க்கடையின் போர்டு தெரிந்தால் இடமும் தெரிந்துவிடும். அரங்கத்துக்குள் படமே கிடையாது என்று முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். விருப்பப்பட்டவர்கள் கடைசி பத்து நிமிடம் தனி அறையில் எடுத்துக்கொள்ளட்டும், அதில் இருக்கும் ஒவ்வொருவரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வெளியே போக வேண்டும். நினைவுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் போட்ட கோலத்தை எடுங்கள். யூடியூப் சேனல்காரர்களை "பாசிட்டிவா காட்டுவாங்க" என்று நம்பி அழைக்காதீர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், கீழே வரும் கமெண்ட்டுகளுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உள்ளே வந்த பிறகு நடக்கும் தவறுகளில் கொடுமையானது, அறிமுகச் சுற்றில் ஊர் கேட்பது. கேட்கிறவர் நட்பாகத்தான் கேட்கிறார். ஆனால் நம் பக்கத்தில் "எந்த ஊரு?"வுக்கு அடுத்து "அந்த ஊர்ல எந்தத் தெரு?" வரும், தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். வீட்டில் ஒன்றை மறைத்து வாழ்கிறவர், நிம்மதிக்காக வந்த இடத்திலும் இன்னொன்றை மறைக்க வேண்டிவருகிறது. பாதிப் பேர் பேச்சை நிறுத்துவது அந்த இடத்தில்தான், அடுத்த முறை வராமல்போவதும் அதனால்தான். நம் கூட்டங்களில் யாருமே சாதி பார்ப்பதில்லை என்று சொல்வது உண்மையல்ல. ஊர், குலதெய்வம், அப்பாவின் தொழில் ஆகிய மூன்றும் அறிமுகத்தில் கிடையாது என்று நடத்துகிறவரே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கூப்பிட ஒரு பெயர், கடைசியாக ரசித்துச் சாப்பிட்டது என்ன, இவ்வளவு போதும்.

"எப்போ வீட்டில் சொன்னீங்க?" என்பதையும் சுற்றுக் கேள்வியாக வைக்காதீர்கள். சொல்லாதவர்களே அதிகம். கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ளவர்களும் வருவார்கள், அவர்களை நிற்க வைத்து விசாரிக்க வேண்டியதில்லை. சிலர் முதல் இரண்டு கூட்டம் வாயே திறக்க மாட்டார்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானே திறக்கும். கேரம் போர்டு இரண்டு, கோலப்பொடி, பேப்பர் வெட்டி ஒட்டுகிற வேலை ஏதாவது, எதிரும் புதிருமாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிற மாதிரி பாய். மேடை போட்டு, மைக் வைத்து, டாக்டரை அழைத்து இரண்டு மணி நேரம் எச்ஐவி விழிப்புணர்வு என்றால் வந்தவர் நோயாளி மாதிரி உணர்ந்துவிட்டுப் போவார். அந்தத் தகவல் அவசியம்தான். அரசு ராஜாஜி மருத்துவமனையில் பரிசோதனை இலவசம், 1097-ல் ஆலோசனை கிடைக்கும் என்று ஒரு சீட்டில் எழுதி டீ மேசையில் வைத்துவிடுங்கள், எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்வார்.

பெண்கள் வரவில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் பெரும்பாலும் இருபது ஆண்களுக்கு நடுவே இரண்டு பெண்களை உட்கார வைத்தவர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது பெண்கள் மட்டும் கூடட்டும், நடத்துவதும் பெண்களாக இருக்கட்டும். வெளியே போக ஆசைப்பட்டால் கீழக்குயில்குடி சமணமலை நல்ல இடம். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கி ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் பாறை சுடும். எட்டிலிருந்து பத்துப் பேர், ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். அடிவாரத்தில் அய்யனார் கோயில் இருக்கிறது, ஊர்க்காரர்கள் மதிக்கிற இடம், அங்கே ரீல்ஸ் வேண்டாம். "எதுக்கு வந்தீங்க?" என்றால் சமணர் சிற்பம் பார்க்க வந்தோம் என்பதே உண்மையான பதில்.

சட்டத்தைப் பற்றி இரண்டு எதிரெதிர் தவறுகள் உண்டு. இதெல்லாம் குற்றம் என்று இன்னும் பயப்படுவது ஒன்று. 2018 செப்டம்பர் 6-ம் தேதியே வயது வந்தோரின் சம்மத உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கு சுவருக்குள் கூடிப் பேச யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இன்னொன்று, சட்டம் நம் பக்கம் என்று அனுமதி இல்லாமல் ஊர்வலம் கிளம்புவது. 2012 ஜூலையிலேயே ஆலன் டூரிங் வானவில் விழா நடந்த ஊர் இது, நடத்த முடியாதது இல்லை. மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் பதினைந்து நாள் முன்பே மனு கொடுங்கள். வழி, நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர், ஒலிபெருக்கி விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொறுப்பாளராக, வீட்டுக்கு இன்னும் சொல்லாத ஒருவரின் பெயரைப் போட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. அந்தத் தாளைச் சரிபார்க்க போலீஸ்காரர் வீட்டுக்கே வரலாம்.

வீட்டார் "பிள்ளையைக் காணோம்" என்று புகார் கொடுத்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவு போட்டார். விசாரணையில் இருவரும் சம்மதமுள்ள வயது வந்தவர்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. பால்புதுமையரை (LGBTQ மக்களை) காவலர் துன்புறுத்தக் கூடாது என்று 2022-ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. இந்த இரண்டின் நகலும், வர ஒப்புக்கொண்ட ஒரு வழக்கறிஞரின் நம்பரும் நடத்துகிறவரின் பையில் இருக்கட்டும். வழக்கறிஞர் கிடைக்காவிட்டால் இலவச சட்ட உதவிக்கு 15100. போலி புரொஃபைல் வைத்து மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் நிற்காது. ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சேர்க்கக் கூடாது, இதில் தளர்வே வேண்டாம். ஆனால் பதினேழு வயதில் ஒரு பையன் தேடி வந்திருந்தால் வாசலோடு விரட்டிவிடாதீர்கள். எவ்வளவு யோசித்து அந்த வாசலுக்கு வந்திருப்பான். இரண்டு பேராக, வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசி, குழந்தைகள் உதவி எண் 1098-ம் மனநல உதவி எண் 14416-ம் எழுதிக் கொடுத்து, பிறந்தநாள் முடிந்ததும் வரச் சொல்லுங்கள்.

கூட்டம் நன்றாக நடந்த அன்றுதான் கடைசித் தவறு நடக்கும். பிரிய மனசில்லாமல் இருபது பேரும் வாசலில் நின்று அரை மணி நேரம் சிரித்துப் பேசுவார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார், அடுத்த முறை ஹால் கிடைக்காது. பேச்சு வேண்டுமென்றால் முடியும் நேரத்துக்கு அரை மணி முன்பே நிகழ்ச்சியை நிறுத்தி உள்ளேயே பேச விடுங்கள். பிறகு நாலைந்து பேராக, பத்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் கிளம்பட்டும். வீடு சேர்ந்ததும் ஒரு புள்ளி மட்டும் மெசேஜ் போடச் சொல்லுங்கள். புள்ளி வராவிட்டால் இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு முறை கூப்பிடலாம். அம்மா எடுத்தால் "வாசகர் வட்டத்துலருந்து பேசுறேன்ம்மா, புத்தகத்தை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சொல்ல வேண்டும், அது உண்மையாகவே இருக்க ஒவ்வொருவரின் பெயரிலும் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்திருங்கள்.